அம்பையில் 35 ஆயிரம் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், எந்த ஊரில் குடும்பம் நடத்த மாதம் எவ்வளவு செலவாகும் என்று ஆறு ஊர்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரையும் பட்டியலும் வெளியிட்டிருந்தீர்கள். "பெங்களூரில் 80 ஆயிரத்தில் நடக்கும் குடும்பத்தை அம்பாசமுத்திரம் போன்ற ஊரில் 35 ஆயிரத்தில் தாராளமாக நடத்தலாம்" என்று அதில் ஒரு வரி. அம்பை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் அந்த ஊரில்தான் நான் குடியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து என் மகன் பேசினான். அந்தப் பக்கத்தை யாரோ அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். "ஏம்மா, அங்க 35 போதும்னு போட்டிருக்கே, அப்பா பென்ஷனே அதுக்கு மேல வருதே" என்றான். மாதாமாதம் அனுப்பும் பத்தாயிரத்தை நிறுத்துகிறேன் என்று அவன் சொல்லவில்லை. அச்சில் வந்ததை நம்பிக் கேட்டான், அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டிய நிலையில் என்னை உங்கள் பத்திரிகை கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

கணக்கு என்னிடம் இருக்கிறது. 1987ல் கல்யாணமானதிலிருந்து நீள நோட்டில் தினம் ராத்திரி எழுதிவைக்கிறேன். என் கணவர் மத்திய அரசு ஊழியர். மாற்றலில் புனே, செகந்திராபாத், சென்னை, திருநெல்வேலி என்று போய், அவர் ஓய்வுபெற்ற பிறகு மாமனார் கட்டிய வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மூன்று மாநிலத்துக் கடைத்தெருவிலும் பையோடு நின்றவள் என்ற உரிமையில்தான் எழுதுகிறேன்.

உங்கள் பட்டியலில் முதல் வரியே 'அரிசி, 25 கிலோ மூட்டை'. பையில் அடைத்துப் பெயர் போட்டு விற்கும் அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று 2022 ஜூலை 18ல் வந்ததும் ஆலைக்காரர்கள் 26 கிலோவாகக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் வாங்கும் கடையில் சுவரோரம் அடுக்கியிருப்பது அத்தனையும் 26 கிலோ மூட்டைதான். அம்பை 16 என்று எங்கள் ஊர்ப் பெயரிலேயே நெல் ரகம் இருக்கிறது ஐயா. அப்படிப்பட்ட ஊரின் அரிசி விலையை, இங்கே ஒரு கடையின் படிகூட ஏறாமல் எழுதியிருக்கிறார்களே என்றுதான் மனசு ஆறவில்லை.

அடுத்தது அந்தக் குறியீட்டு எண். தொழில் துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை ஊர்வாரியாகப் போட்டு, எண் கூடுதலாக இருக்கும் ஊரில் விலைவாசி அதிகம் என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதிவிட்டார். மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் நாடு முழுக்க 88 மையங்களில் விலை எடுத்து மாதாமாதம் வெளியிடும் எண் அது. என் கணவருக்கு அகவிலைப்படி கூடுவது அதை வைத்துத்தான் என்பதால் எங்கள் வீட்டில் அதைப் பேசாத மாதமில்லை. 2016ல் அந்தந்த ஊரில் என்ன விலையோ, அதை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். மும்பையும் 100, குன்னூரும் 100 என்றுதான் கணக்கு தொடங்குகிறது. ஓர் ஊரின் எண் மற்றதைவிடக் கூடுதல் என்றால், 2016க்குப் பிறகு அங்கே விலை வேகமாக ஏறியிருக்கிறது என்றுதான் பொருள். எந்த ஊரில் தக்காளி விலை கூடுதல் என்பதை அதை வைத்துச் சொல்லவே முடியாது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் எப்படி விட்டீர்கள்?

'சின்ன ஊர் என்றால் மலிவு' என்ற இந்த எண்ணத்தால் நாங்கள் நேராகவே அடிபட்டிருக்கிறோம். 2018ல் என் கணவரைச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றினார்கள். அடிப்படைச் சம்பளம் 60,400. சென்னையில் வீட்டு வாடகைப்படி 24 சதவீதம், 14,496 ரூபாய். அம்பத்தூரில் வாடகை 14,000, கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது. மக்கள்தொகை 5 லட்சத்துக்குக் குறைந்த ஊருக்கு அப்போது 8 சதவீதம்தான். திருநெல்வேலி மாநகராட்சி 2011 கணக்கெடுப்பில் 5 லட்சத்தைத் தொடவில்லை. ஆக 4,832 ரூபாய். பாளையங்கோட்டையில் அதே அளவு வீட்டுக்கு 9,000 கொடுத்தோம். படி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது, வாடகை அப்படிக் குறையவில்லை. மாதம் 4,168 ரூபாய் கையிலிருந்து போட்டோம். ஊரில் எத்தனை தலை என்று எண்ணி வாடகையை முடிவுசெய்கிறவர்கள், ஒரு தடவை 'வீடு வாடகைக்கு' பலகையைப் பார்த்து ஒரு வீட்டுக்காரரிடம் பேசிப் பார்த்திருக்கலாம். இதையெல்லாம் அப்போதே உங்களுக்கு எழுதினேன். வெளிவரவில்லை.

பட்டியலில் 'மருத்துவம்: 1,500' என்று போட்டிருக்கிறீர்கள். பெங்களூருக்கும் அதே தொகை, எங்களுக்கும் அதே தொகை. என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அம்பையில் காய்ச்சல், சளிக்கு நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். இதயத்துக்கு என்றால் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். கடைசியாகப் போய்வந்த நாளின் பக்கத்தை அப்படியே தருகிறேன். ரயிலடியில் படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியதால் போக வர கார் 1,800. டாக்டர் 600. எக்கோ என்னும் இதய ஸ்கேன் 1,900. ரத்தப் பரிசோதனை 1,150. ஒரு மாத மருந்து 2,340. இரண்டு பேருக்கும் மத்தியானச் சாப்பாடு 220. திரும்பும் வழியில் அவருக்கு இளநீர் 50. மொத்தம் 8,060. அம்பத்தூரில் இருந்தபோது இதே டாக்டரைப் போன்ற ஒருவர் ஆட்டோவில் 80 ரூபாய் தூரத்தில் இருந்தார். ஊரில் இல்லாததைத் தேடி வெளியே போகிற செலவும் அந்த ஊரில் வாழ்கிற செலவுதானே? அதற்கு உங்கள் பட்டியலில் ஒரு கட்டம்கூட இல்லை.

பெங்களூர்க் கணக்காவது சரியா என்றால் அதுவும் இல்லை. வாடகையை மட்டும் போட்டுவிட்டு அட்வான்ஸை விட்டுவிட்டீர்கள். என் மகன் 26,000 வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸாக 2,60,000 கட்டினான். அதில் பாதி என் நகையை அடகு வைத்துத் தந்த பணம். வங்கியில் கிடந்தால் 7 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 1,500 ரூபாய் வட்டி அந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சேருகிறது. முந்தைய வீட்டைக் காலி செய்தபோது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள். நம் தமிழ்நாட்டில், வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2017ல் சட்டமே போட்டார்கள். மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் என்று எழுதுகிறவர் இதையல்லவா எழுத வேண்டும்?

பஸ் செலவும் அப்படித்தான். இங்கே சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது. கர்நாடகத்திலும் 2023 ஜூனிலிருந்து சொகுசு அல்லாத அரசு பஸ்ஸில் அந்த மாநிலப் பெண்களுக்கு இலவசம். இரண்டும் உங்கள் கணக்கில் இல்லை. தண்ணீரும் இல்லை. 2019ல் சென்னையில் லாரித் தண்ணீருக்கு ஜனங்கள் குடத்தோடு நின்றதையும், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் நீங்கள்தானே முதல் பக்கத்தில் போட்டீர்கள்? எங்கள் ஊரில் குழாயைத் திறந்தால் தாமிரபரணி. நான் எங்கள் ஊரை விட்டுக்கொடுத்துப் பேசவில்லை ஐயா. உண்மையிலேயே மலிவானதையும் நீங்கள் எழுதவில்லை, மலிவில்லாததை மலிவு என்று எழுதிவிட்டீர்கள்.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது வேறு ஒரு வரி. 'வீட்டு வேலைக்கு ஆள்: பெங்களூர் 4,500, சிற்றூர் 1,200, மிச்சம் 3,300' என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு மூட்டுவலி என்பதால் பாத்திரம் தேய்த்துத் தர ஓர் அக்கா வருகிறார். காலையில் இரண்டு வீட்டு வேலை, அது முடிந்தால் ராத்திரி பத்து மணி வரை திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவார். இலை வெட்டி வெட்டி அவர் விரல் நுனி காய்த்துப்போயிருக்கும். அந்த அக்காவுக்கும் அதே 26 கிலோ மூட்டை அதே விலைதான், அதே கேஸ் சிலிண்டர்தான், மகனுக்கு அதே கல்லூரிக் கட்டணம்தான். நான் 1,200 கொடுப்பதில்லை. 2,500 கொடுக்கிறேன், அதுவும் போதாது என்று எனக்குத் தெரியும். அவருக்குக் கூலி குறைவு என்பதை எனக்கு மிச்சம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது பேப்பரை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

2011 செப்டம்பரில், நகரத்தில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் செலவழித்தால் அவர் ஏழை இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் திட்டக் கமிஷன் சொன்னபோது நாடே கொதித்தது. அன்றைக்கும் கிராமத்துக்காரனுக்கு 6 ரூபாய் குறைவாகப் போதும் என்றுதான் கணக்கு. எங்களைப் போன்ற ஊர்க்காரர்கள் வயிற்றை எப்போதும் ஒரு சுற்றுக் குறைத்தே அளக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. குறியீட்டு எண்ணைப் பற்றிய தவறுக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இனி இப்படி ஒப்பிடும்போது, வீட்டில் எத்தனை பேர், சொந்த வீடா வாடகையா, எந்தக் கடையில் எந்தத் தேதியில் விலை கேட்டது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முன்பு மாவட்டப் பக்கத்தில் உழவர் சந்தைக் காய்கறி விலையைத் தினமும் போட்டுவந்தீர்கள். நிறுத்திவிட்டீர்கள். அதையும் மறுபடி போட்டால் எனக்கு உபகாரமாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் காலையில் பையை எடுப்பேன்.

இப்படிக்கு,
31 வருடமாகத் தங்கள் பத்திரிகையை வாங்கும் ஒரு வாசகி,
அம்பாசமுத்திரம்.