2024–2025 ஆண்டறிக்கை: செயலாளர் சமர்ப்பித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம். கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை நமது குடியிருப்போர் நலச் சங்கம் ஆற்றிய பணிகளின் அறிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன்.

சுதந்திர தினக் கொடியேற்றமும் பொங்கல் கோலப் போட்டியும் வழக்கம்போல் நடைபெற்றன. செயற்குழு ஆறு முறை கூடியது.

சங்கக் கட்டட வாசலில் வைத்த 24 அடீனியம் (பாலைவன ரோஜா) பூந்தொட்டிகளைப் பற்றி விரிவாகக் கூற வேண்டியுள்ளது. சங்கப் பணத்தைப் பூந்தொட்டியில் போட்டுவிட்டேன் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விடுகிற வேலூரில், 40 டிகிரிக்கு மேற்பட்ட கோடையிலும் பூக்கும் செடி என்பதாலேயே இதைத் தேர்ந்தேன். சகாராவுக்குத் தெற்கிலும் அரேபியாவிலும் இயல்பாக வளரும் இச்செடி, பருத்த அடித்தண்டில் நீரைச் சேமித்துக்கொள்ளும். ஆற்றுமணல், உடைத்த செங்கல், மக்கிய எரு ஆகியவற்றைக் கலந்து, அடியில் துளையுள்ள மண்தொட்டிகளில், அந்த அடித்தண்டு மேலே தெரியுமாறு நட்டோம். அக்கினி நட்சத்திரத்தில் காலை ஒரு வேளை நீரே போதுமானதாக இருந்தது. வாசல் முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்ததைப் பலரும் கண்டீர்கள். அரளியைத் தின்னும் பச்சைப் புழு இதிலும் வந்தபோது, செடியின் பால் நஞ்சு என்பதால் கையுறை அணிந்து நானே பொறுக்கி எடுத்தேன்.

இழப்பு நேர்ந்தது ஐப்பசிக்குப் பிறகுதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொட்டிகளைக் கூரையடிக்கு நகர்த்த வாருங்கள் என்று அழைத்தேன். 62 உறுப்பினர்களில் நால்வர் வந்தனர். பாதித் தொட்டிகளே நகர்ந்தன. மார்கழிக் குளிரில் இலைகள் பழுத்து உதிர்வது இச்செடி ஓய்வெடுக்கும் இயல்பு. அப்போது மண் நன்றாகக் காய்ந்த பின்பே சிறிது நீர் விட வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தேன். முறை வைத்துக் கவனித்தவர்களில் சிலர் செடி தாகத்தால் வாடுகிறது என்று எண்ணி நாள்தோறும் குடம் குடமாக ஊற்றினர். நல்லெண்ணத்தில் செய்ததே எனினும், ஏற்கெனவே மழையில் நனைந்திருந்த ஒன்பது செடிகள் அடி அழுகிப் போயின. இன்னொன்றில் அழுத்தினால் மெத்தென்றிருந்த பகுதியை முழுவதும் அறுத்தெடுத்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி மீண்டும் நட்டேன், அது பிழைத்தது. மாசியில் கிளைகளைக் கவாத்து செய்தோம். புதுத் துளிரின் நுனியில்தான் பூ வரும் என்பதால் இது தேவையானதே. இப்போது பதினைந்தும் துளிர்த்துள்ளன.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக முடிந்தன. விவரங்களைப் பொருளாளரிடம் காணலாம். ஆண்டுச் சந்தா 300 ரூபாயை 27 குடும்பத்தினர் இன்னும் செலுத்தவில்லை. அவர்களுள் மூவர் இரண்டு ஆண்டுகளாகப் பாக்கி வைத்திருக்கின்றனர். மழைக்கு முன்பே அந்தத் தொகை வந்திருந்தால் வாசலில் தகரக் கூரை போட்டிருப்போம், அந்த ஒன்பது செடிகளும் மழையில் நின்றிருக்க வேண்டியிராது.

ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், வாசலைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர் அம்மா ஆகியோருக்கு நன்றி. வரும் ஆண்டும் இப்பொறுப்பை ஏற்கச் சித்தமாக உள்ளேன். ஆயினும் புரட்டாசி முடிவதற்குள் கூரை அமையாவிடில் தொட்டிகளின் பொறுப்பை மட்டும் என்னால் ஏற்க இயலாது. பொருளாளர் ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 12 மணி வரை சங்கக் கட்டடத்தில் ரசீதுப் புத்தகத்துடன் இருப்பார்.