இறுதி விசிலுக்குப் பிறகு: புதிய கால்பந்து அரங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதிய அரங்கத் திட்டக் குழுவினருக்கும், கழக நிர்வாகத்துக்கும், நகரப் போக்குவரத்து ஆணையத்தின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

அரங்கத்தின் வரைபடங்களை நீங்கள் வெளியிட்ட நாள்முதல் ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் அதே பேச்சாக இருக்கிறது. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரே சரிவாக எழும் கேலரியையும், மழை படாத கூரையையும், களத்தை ஒட்டி வரும் இருக்கைகளையும் பார்த்து நாங்கள் மனம் நிறைந்து மகிழ்ந்தோம். ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும், ஆட்டம் முடிந்தபின் வீட்டுக்கு எப்படிப் போவது என்ற கேள்வியில் வந்து நின்றுவிடுகிறது. அதற்கு உங்கள் ஆவணத்தில் கிடைக்கும் விடை, பொதுப் போக்குவரத்து ஊக்குவிக்கப்படும் என்ற ஒற்றை வரிதான். அந்த ஒரு வரி போதாது என்பதைச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

அரங்கத்துக்கு வருவதும் அங்கிருந்து போவதும் ஒரே அளவிலான வேலைகள் அல்ல. வருகிறவர்கள் மூன்று மணி நேரத்தில் சிறிது சிறிதாக வந்து சேர்கிறார்கள். போகிறவர்கள் ஒரே விசிலுக்கு ஒன்றாக எழுகிறார்கள். பிரிட்டனில் விளையாட்டரங்குகளின் பாதுகாப்புக்கென உள்ள வழிகாட்டி, சாதாரண நாளில் பார்வையாளர்கள் தம் இருக்கைப் பகுதியிலிருந்து 8 நிமிடத்துக்குள் வெளியேறிவிட வேண்டும் என்று வரையறுக்கிறது. சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் என்று வழிகளின் அகலத்தைக் கணக்கிடும் அளவுகளும் அதில் உண்டு. உங்கள் கட்டடக் கலைஞர்கள் இந்தக் கணக்கைச் சரியாகவே போட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். எங்கள் கவலை, அந்த 8 நிமிடம் முடிந்து தெருவில் கால் வைக்கும் கணத்திலிருந்து தொடங்குகிறது.

ஒரு கணக்குக்காக அரங்கில் 50,000 பேர் இருப்பதாகவும், அவர்களில் 20,000 பேர் ரயிலை நம்பி வந்ததாகவும் கொள்வோம். ஒரு ரயில் 1,000 பேரை ஏற்றிச் செல்லும், பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் வரும் என்றால், கடைசி ஆள் ஏறுவதற்கு மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று விட்டாலும் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். அதுவரை அத்தனை பேரும் எங்கே நிற்பது? ஒருவரை ஒருவர் இடிக்காமல் நிற்க சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்று இடம் ஒதுக்கினால், 20,000 பேருக்கு 10,000 சதுர மீட்டர் வேண்டும். ஒரு கால்பந்துக் களமே ஏறக்குறைய 7,140 சதுர மீட்டர்தான். அரங்குக்குள் ஒரு களத்தை அமைக்கும் நீங்கள், ரயில் நிலையத்துக்கு வெளியே வரிசைக்காக ஏறத்தாழ ஒன்றரைக் களம் அளவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்பதே என் முதல் கேள்வி. வரைபடத்தில் அந்த இடத்தில் கடைகளும் மரங்களும் மட்டுமே தெரிகின்றன.

இதை வெறும் வசதிக் குறைவு என்று கருதிவிட வேண்டாம். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் 1971 ஜனவரி 2 அன்று ரேஞ்சர்ஸ், செல்டிக் அணிகளின் ஆட்டம் முடிந்து வெளியேறியவர்களில் 66 பேர் ஒரே படிக்கட்டில் நெரிபட்டு இறந்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன், 1961இல், அதே படிக்கட்டில் இருவர் உயிரிழந்திருந்தனர். அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் அந்த ஆபத்து நீங்கவில்லை. நான் மேலே சொன்ன வழிகாட்டி முதன்முதலில் 1973இல் வெளிவந்ததும் அந்தத் துயரத்தை ஒட்டி நடந்த விசாரணையின் விளைவாகத்தான். அதாவது வெளியேறும் வழியைப் பற்றிய இந்த எண்கள் மனித உயிர்களைக் கொடுத்துப் பெற்றவை. அதனால்தான் அவை அரங்கின் வாசலோடு நின்றுவிடக் கூடாது என்று கேட்கிறோம்.

அரங்கத்துக்கு வரும் வழியும் இதே கவனத்தைக் கேட்கிறது. 2022 மே 28 அன்று பாரிஸ் அருகே சான்-துனியில் லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் மோதிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் அரை மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகத் தொடங்கியதை நாம் அனைவரும் பார்த்தோம். ஒரு ரயில் தடத்தில் வேலைநிறுத்தம் நடந்ததால் பெருங்கூட்டம் மற்றொரு தடத்தின் வழியாக வந்தது. அந்தப் பக்கத்தில் நெடுஞ்சாலைக்குக் கீழே குறுகிப் போகும் பாதையில் நுழைவுச்சீட்டுச் சோதனையையும் வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கே சிக்கிக்கொண்டனர். முதலில் ரசிகர்கள்மேல் பழி போடப்பட்டது. 2023 பிப்ரவரியில் வெளிவந்த சுயேச்சை விசாரணை அறிக்கையோ, முதன்மைப் பொறுப்பு போட்டியை நடத்திய அமைப்பினுடையதே என்று கூறியது. ஒரு தடம் நின்றுபோனால் மாற்று வழி என்ன, அந்த மாற்று வழியில் எத்தனை பேர் நடக்க முடியும் என்று முன்கூட்டியே எழுதி வைக்காத எந்தத் திட்டமும் அன்றைய மாலையைத் திரும்ப அழைக்கக்கூடியது.

நிலையம் பிறகு வரும், முதலில் அரங்கம் எழட்டும் என்ற வாதத்தையும் உங்கள் கூட்டங்களில் கேட்டோம். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 32,000 பேர் அமரும் அரங்கம் 2005இல் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே ரயில் தடம் ஓடியும், நிலையம் திறந்தது 2016 ஜனவரியில்தான். அப்போதும் அந்தத் தடத்தில் ஓடியது ஒற்றைப் பெட்டி ரயில் என்பதால், ஆட்டம் முடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு நிலையத்தைப் பயன்படுத்த முடியாத நிலை இருந்தது. பத்தாண்டுக்கும் மேல் காத்திருந்து கிடைத்த நிலையம், மிகவும் தேவைப்பட்ட அந்த ஒரு மணி நேரத்தில் உதவவில்லை! நடைமேடை, தண்டவாளம், பெட்டிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒன்றாகத் திட்டமிடப்படாவிட்டால் இதுவே நேரும்.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். மியூனிக்கில் 2005இல் அலியான்ஸ் அரினா எழுந்தபோது, அதற்கான ஃப்ரோட்மானிங் மெட்ரோ நிலையத்தை நான்கு தண்டவாளங்கள் கொண்டதாக விரிவாக்கினார்கள். அதனால் காலியான ரயில்களை முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்தி வைக்க இயலுகிறது. நிலையத்துக்கும் அரங்குக்கும் இடையே நீண்ட, அகலமான நடைவெளி ஒன்று இருக்கிறது. வாசலுக்கு அருகே நிலையம் இருப்பதே நல்லது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் பத்து நிமிடம் நடக்கும் தூரம் கூட்டத்தைத் தானாகவே தளர்த்திவிடுகிறது. வேகமாக நடப்பவர் முன்னே போக, குழந்தையைக் கூட்டிவருபவர் பின்னே வர, நிலையத்தில் நெரிசல் குறைகிறது. லியோன் நகரில் 2016இல் திறக்கப்பட்ட அரங்குக்கு ஆட்ட நாளுக்கென்றே ஒரு டிராம் கிளைத்தடம் போட்டிருக்கிறார்கள். தொலைவிலுள்ள வாகன நிறுத்தங்களிலிருந்து இணைப்புப் பேருந்துகளும் ஓடுகின்றன.

ஜெர்மனியில் பல கழகங்களின் ஆட்டச் சீட்டே அன்றைய உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் பயணச் சீட்டாகச் செல்லும். அங்கே நடந்த 2024 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) போட்டியில் சீட்டு வைத்திருந்தவர்களுக்கு 36 மணி நேர உள்ளூர்ப் பயண உரிமையும் சேர்த்தே தரப்பட்டது. இந்த முறையை இங்கும் கொண்டுவர வேண்டுகிறோம். காரை எடுக்காமல் வருகிறவருக்குக் கழகம் செய்யக்கூடிய மிக நேரான உதவி இதுதான். ஆனால் அதே போட்டியில், ஜூன் 16 அன்று செர்பியா–இங்கிலாந்து ஆட்டத்துக்குப் பின் கெல்சன்கிர்ஷன் நகரில் டிராமுக்காக ரசிகர்கள் நெடுநேரம் காத்துக் கிடந்ததையும் மறக்கக் கூடாது. சீட்டு இலவசமாக இருந்தாலும் வண்டி வராவிட்டால் பயன் இல்லை.

பேருந்துகளைப் பற்றி உங்கள் அதிகாரி ஒருவர் பேசியபோது, தேவையான அளவு வண்டிகள் விடப்படும் என்றார். வண்டிகளின் எண்ணிக்கையைவிட அவை நின்று ஆளேற்றும் இடங்களின் எண்ணிக்கையே முக்கியம் என்பது எங்கள் கருத்து. ஒரு பேருந்தில் 70 பேர் என்றால் 10,000 பேருக்கு 143 நடைகள் வேண்டும். ஒவ்வொன்றும் ஆளேற்றிக் கிளம்ப மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டால், ஓர் இடத்திலிருந்து மணிக்கு 20 நடைகள்தான் போகும். எட்டு இடங்கள் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். இரண்டே இடங்கள் இருந்தால் முந்நூறு பேருந்துகளைக் கொண்டுவந்தாலும் அவை வரிசையில் நிற்குமே தவிர நகராது. அவை வெளியேறும் சாலையில் தனியார் கார்கள் அந்த ஒரு மணி நேரம் நுழையாதிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். வார நாளின் இரவொன்றில் என் தந்தையோடு ஒரு கோப்பை ஆட்டத்துக்குப் போயிருந்தேன். ஆட்டம் சமனில் முடிந்து கூடுதல் நேரத்துக்கும், பிறகு பெனால்டி உதைகளுக்கும் சென்றது. எண்பதாவது நிமிடத்திலிருந்தே எங்களைச் சுற்றியிருந்தவர்கள் கடைசி ரயிலைக் கணக்கிட்டு எழுந்துபோகத் தொடங்கினார்கள். நாங்கள் கடைசிவரை இருந்தோம், வென்றோம். நிலையத்தை அடைந்தபோது கதவு பூட்டியிருந்தது. எழுபது வயதைக் கடந்த அவர், ஊன்றுகோலைப் பிடித்தபடி, உட்கார ஒரு கல்கூட இல்லாத நடைபாதையில் நள்ளிரவு தாண்டும்வரை நின்றார். ஐம்பது ஆண்டுகளாக இந்த அணியைப் பின்தொடர்ந்து வந்தவர் அதன்பின் இரவு ஆட்டத்துக்கு வந்ததே இல்லை. அழைத்தால், 'நீ போய்ட்டு வா, எனக்குக் கேட்டாப் போதும்' என்கிறார்.

எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் சாதாரணமாகப் பத்து மணிக்குச் சற்று முன் முடியும். கூடுதல் நேரமும் பெனால்டியும் வந்தால் பத்தே முக்காலைத் தொடும். இது யாருக்கும் எதிர்பாராத செய்தி அல்ல, போட்டி அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். தொலைக்காட்சிக்காக ஆட்ட நேரத்தை மாற்ற முடிகிறதென்றால், அதே நாளில் கடைசி ரயிலின் நேரத்தையும் மாற்ற முடிய வேண்டும். கடைசி ரயிலைக் கடிகாரம் தீர்மானிக்கக் கூடாது. இறுதி விசிலுக்குப் பின் இரண்டு மணி நேரம் என்று ஆட்டமே தீர்மானிக்கட்டும். அரங்கில் துப்புரவு செய்பவர்களும் உணவு விற்பவர்களும் பாதுகாவலர்களும் ரசிகர்களுக்குப் பிறகே வீடு திரும்புகிறார்கள் என்பதையும் அந்த நேரத்தைக் குறிக்கும்போது எண்ணிப் பாருங்கள்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கான இருக்கைகள் அரங்கில் நன்றாக அமைக்கப்பட்டிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் நிலையத்தில் ஒரே மின்தூக்கி இருந்து அதுவும் பழுதானால் அந்த இருக்கைகளை அவர்கள் அடைவது எப்படி? சரிவுப் பாதை ஒன்று கட்டாயம் வேண்டும். சுற்றியுள்ள தெருக்களில் குடியிருப்போரின் வாசலை எங்கள் கார்கள் மறிக்கக் கூடாது என்பதிலும் எங்களுக்கு ஐயமில்லை. ஆட்ட நாளில் அத்தெருக்களைக் குடியிருப்போர் வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள், ரசிகர்களில் எவரும் எதிர்க்க மாட்டோம்.

லிவர்பூலில் எவர்டன் கழகம் 2025இல் துறைமுகக் கரையிலுள்ள புதிய அரங்குக்குக் குடிபெயர்ந்தபோது, முதலில் 10,000 பேரையும் அடுத்து 25,000 பேரையும் அழைத்துச் சோதனை ஆட்டங்கள் நடத்தியது. அருகிலுள்ள சிறிய சாண்ட்ஹில்ஸ் நிலையத்தில் ஆட்ட நாள் வரிசைக்கெனத் தனி இடமும் அமைக்கப்பட்டது. இங்கும் அப்படிச் சோதனைகள் நடக்க வேண்டும். அவை அரங்கின் விளக்குகளையும் கழிவறைகளையும் மட்டும் சோதிப்பதாக இல்லாமல், கடைசி ஆள் ரயிலேறும்வரை நேரம் குறித்துக்கொண்டு நடத்தப்பட வேண்டும். அந்த நேரத்தை மறைக்காமல் வெளியிடுங்கள்.

அடித்தளப் பணி தொடங்குமுன் ஆட்ட நாள் போக்குவரத்துத் திட்டத்தை முழுமையாக, எண்களோடு மக்கள் பார்வைக்கு வையுங்கள். அதைத் தயாரிக்கும் குழுவில் ரசிகர்களுக்கும் அப்பகுதியில் குடியிருப்போருக்கும் இடம் கொடுங்கள். அதற்கு முன் ஒரு மாலை, உங்களுக்கு வசதியான நாளில், அரங்கம் எழவிருக்கும் இடத்திலிருந்து நிலையம்வரை எங்களோடு நடந்து வாருங்கள். என் தந்தையையும் அழைத்து வருகிறேன். அவர் நடக்கும் வேகத்தில் அந்தத் தூரத்துக்கு எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
பழைய அரங்கின் வடக்குக் கேலரியில் வளர்ந்த ஒரு ரசிகன்