மகளுக்கு: கதவோரத்தில் ஒட்டியிருக்கும் எண்

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு,

உச்சிப்புளியிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வாடை தொடங்கிவிட்டது, நம் பஞ்சர் கடைக்குள் மண்ணை வாரி அடிக்கிறது.

டயர் இறங்கிவிட்டது என்றும், வழியில் போன யாரோ ஸ்டெப்னி மாற்றிக் கொடுத்தார் என்றும் ஃபோனில் சொன்னாய். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். ஆனால் பொங்கலுக்கு நீ தனியாகக் காரில் வரப்போகிறாய். பரமக்குடி தாண்டினால் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம்தான். எவனாவது வருவான் என்று அங்கே நிற்க முடியாது.

அந்த முள் குத்தினாலும் டியூப்லெஸ் டயர் உடனே உட்காராது. குத்திய முள்ளே துளையை அடைத்துக்கொள்ளும். காற்று மெல்லக் கசியும். ஆகவே முள்ளோ ஆணியோ கண்ணில் பட்டால் பிடுங்கிவிடாதே. காற்றை அடித்துக்கொண்டு அடுத்த பஞ்சர் கடைக்குப் போய்விடு. முழுவதும் இறங்கிவிட்டால் மட்டும் ஓட்டாதே. ரிம்முக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் டயரின் பக்கச்சுவர் நசுங்கி, உள்ளுக்குள் மாவாகிவிடும். கழற்றியதும் கறுப்புத் தூளைக் கை நிறைய அள்ளிக் காட்டுகிறேன். அப்போதும் “ஒட்டிப் பாருங்களேன் அண்ணாச்சி” என்று கெஞ்சுகிறார்கள். பக்கச்சுவர் போனால் போனதுதான். ஒட்டித் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் காசு கொடுக்காதே. பாம்பன் பாலத்தின் மேல் இறங்கினால் மட்டும் சட்டம் வேறு: விளக்கைச் சிமிட்ட விட்டு, மெதுவாக உருட்டிக்கொண்டே பாலத்தைக் கடந்துவிடு. டயர் நாசமாகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம்.

மாற்றும்போது சாலையோர மணலில் ஜாக்கியை வைக்காதே, புதைந்து சாயும். டிக்கியில் ஒரு கனமான பலகைத் துண்டு போட்டு வை. ஹேண்ட்பிரேக், முதல் கியர், எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடு. தூக்கிய பிறகு திருகினால் சக்கரம் சேர்ந்து சுற்றும். நம் ஊர் உப்புக்காற்றில் நட்டு இறுகித்தான் கிடக்கும். கையால் மல்லுக்கட்டாதே, ஸ்பேனரின் நுனியில் காலை வைத்து அழுத்து. திரும்ப முடுக்கும்போது வரிசையாகப் போகாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே முடுக்கு. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை பார்.

இதெல்லாம் எப்போதாவது வருவது. காற்று அளவுதான் அன்றாட விஷயம். அதில்தான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். “எவ்வளவு வைக்கட்டும்?” என்று காற்றடிக்கும் பையன் கேட்டால், “நீயே பார்த்து வை” என்கிறார்கள். அவன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு வைப்பான். டயரில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படித்துச் சொல்கிறவர்கள் இன்னொரு ரகம். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உன் காருக்கு உரியது அல்ல. உனக்கு உரியது டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, ஆட்களும் மூட்டைகளும் நிறைந்திருந்தால் வேறு ஒன்று. அங்கே இல்லையென்றால் பெட்ரோல் மூடியின் உட்புறம் பார்.

அளப்பது காலையில், வண்டி எடுக்கும் முன். ஓடிச் சூடேறிய டயர் நாலைந்து பாயிண்ட் (பி.எஸ்.ஐ. என்கிற காற்றழுத்த அளவு) கூடுதலாகவே காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால், ஆறியதும் குறைந்துபோகும். ஒரு பக்கம் வெயிலிலும் ஒரு பக்கம் நிழலிலும் நின்ற வண்டியில்கூட இரண்டு பக்கமும் ஒத்து வராது. ஐந்தாறு டிகிரி வெப்பம் குறைந்தால் ஏறக்குறைய ஒரு பாயிண்ட் இறங்கும் என்று வைத்துக்கொள். சித்திரையில் சரியாக வைத்த காற்று மார்கழிக் காலையில் போதாது. குறைவாக ஓடினால் டயரின் இரு ஓரமும் தேயும், சூடேறும். கூடுதலாக இருந்தால் நடு தேயும், பிரேக் பிடிப்பு குறையும்.

கடைக் கருவியை நம்பாமல் காற்றை அளக்கச் சின்னதாக ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டுப் பெட்டியில் வை. என் கடைக் கருவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாள் முழுக்கக் கீழே விழுந்து எழும் சாமான் அது. ஸ்டெப்னியை மறந்துவிடாதே. உபயோகிக்காமல் கிடந்தாலும் அதில் காற்று இறங்கும். மற்றதைவிட இரண்டு மூன்று பாயிண்ட் கூட்டியே வை.

அன்று அந்தப் பிள்ளை மாட்டிவிட்ட ஸ்டெப்னியில் இப்போது எவ்வளவு இருக்கிறது? நாளைக் காலை அளந்து, கதவில் உள்ள எண்ணையும் சேர்த்து எனக்கு ஃபோனில் சொல். பஞ்சரான டயரை ஒட்டியாகிவிட்டதா என்பதையும் சொல்.

அன்புடன்,
அப்பா