தம்பியின் சிகிச்சை குறித்து

பினாங்கு

அன்பு மகள் கவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்குத் தம்பி எடுக்கும் மாத்திரைகளை நிறுத்திவிட்டு உணவு, யோகா, தியானம் ஆகியவற்றாலேயே முழுமையான சிகிச்சை தரலாமே என்று நீ கேட்டாய். தொலைபேசியில் அவசரமாகப் பதில் சொல்ல மனம் வராததால் எழுதுகிறேன். நீ சொல்லும் அனைத்தும் அவனுக்கு வேண்டும். மருந்தோடு சேர்த்து வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

மனச்சிதைவு நோயில் மூளையின் டோபமின் என்ற வேதிப்பொருள் இயங்கும் முறை சீர்குலைகிறது. காதில் கேட்கும் குரல்களையும், யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற அச்சத்தையும் பெரும்பாலான மருந்துகள் தணிப்பது அதை மட்டுப்படுத்தித்தான். குணமாகிவிட்டது என்று நம்பித் திடீரென நிறுத்தியவர்களில் பலருக்கு நோய் திரும்பியிருக்கிறது. ஆனால் பேச்சு குறைவது, எதிலும் நாட்டமற்றுப் போவது, குளிக்கக்கூட மனம் எழாதது ஆகியவற்றை மாத்திரை அவ்வளவாகத் தொடுவதில்லை. நீ சொல்லும் முழுமைக்கான வேலை அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் ரெய்ஸ் என்ற ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. முதன்முறை நோய் கண்டவர்களுக்கு மருந்து, உளவியல் சிகிச்சை, குடும்பத்தாருக்கான பயிற்சி, படிப்புக்கும் வேலைக்கும் துணை ஆகிய நான்கையும் ஒன்றாகத் தந்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களின் வாழ்க்கைத் தரம் கூடுதலாக உயர்ந்தது. காலம் தாழ்த்தாமல் தொடங்கியவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். இங்கும் சுகாதார அமைச்சின் மெந்தாரி என்ற சமூக மனநல மையங்கள் வேலைக்குத் துணைநிற்கின்றன. தம்பி இப்போது பிஸ்கட் கடையில் டின்களை அடுக்குகிறான். மாத்திரையின் தூக்கக் கலக்கம் தெளிய நேரமாவதால், காலை 11 மணிக்கு வரலாம் என்று முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு மூடியையும் இருமுறை அழுத்திப் பார்த்த பிறகே அவன் அடுத்த டின்னை எடுக்கிறான்.

மருந்தால் எடையும் இரத்தத்தில் சர்க்கரையும் ஏறக்கூடும் என்பதால் சாயங்காலம் தாவரவியல் பூங்காவில் நடக்கிறோம். தே தாரிக் தேநீரில் சீனியைக் குறைத்துவிட்டோம். சித்தப்பா கோயிலுக்கு அழைத்துப் போகிறேன் என்கிறார். போகட்டும், மன அமைதி நல்லதுதான். மாந்திரீகம் என்ற பேச்சுக்கு மட்டும் நான் இடம் கொடுக்கவில்லை. 2001இல் தமிழ்நாட்டின் ஏர்வாடியில், வழிபாட்டால் குணமாகும் என்று நம்பிக் கொண்டுபோய் விடப்பட்டு, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்ததை நான் மறக்கவில்லை.

வீட்டுப் பேச்சும் சிகிச்சைதான். ஓயாமல் குறை சொல்லும் வீட்டிலும், அளவுக்கு மீறிப் பொத்திப் பாதுகாக்கும் வீட்டிலும் நோய் திரும்புவது அதிகம் என்று லண்டனில் ஆய்வாளர் ஜார்ஜ் பிரவுனும் அவருடைய குழுவினரும் பல்லாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்தார்கள். ஆகவே, “இன்னுமா படுத்திருக்கிறாய்?” என்று அவனிடம் கேட்காதே. குரல் கேட்கிறது என்று சொன்னால் பொய் என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். பயமாக இருக்கிறதா என்று கேட்டு அருகில் உட்கார். அவன் இரண்டு இரவுகள் சேர்ந்தாற்போல் தூங்காமல், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே முணுமுணுத்தால், தவணை நாளுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம்.

தீபாவளி விடுமுறைக்குச் சற்று முன்னதாகவே கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு வா. மருத்துவருடனான குடும்பச் சந்திப்பில் எங்களோடு உட்கார். மருந்தின் அளவைக் குறைக்க முடியுமா என்பதை அங்கே, தம்பியின் முன்னிலையில் கேள். அவனுக்கும் அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

அன்புடன்,
அம்மா