அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்

அன்பு மக்கா,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, தப்புதான். அம்மாவின் முட்டுவலி தேவலையா? அண்ணாச்சி கடைப் பாக்கியை நீ என் தலையில் எழுதி வைத்திருப்பாய், தெரியும். வந்து தீர்க்கிறேன்.

இப்போது எழுதக் காரணம், பக்கத்து வீட்டுத் தாத்தா தேனீ வளர்ப்பை விட்டுவிடப் போகிறாராம். நேற்று சாயங்காலம் சொன்னார். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

பிரான்சில் நான் இருக்கும் இந்த சேன் ஜெர்மேன் தெ கால்பெர்த் எவ்வளவு சின்ன ஊர் என்று உனக்கே தெரியும். ஆட்டுப்பால் சீஸ், தேன், கோடையில் கழுதையை ஓட்டிக்கொண்டு செவென் மலையில் நடக்க வருகிறவர்கள், காசு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஜூனில் செஸ்ட்நட் மரம் பூத்தால் மலையே மணக்கும். அந்தத் தேன் கறுப்பு, லேசாகக் கசக்கும், சீக்கிரம் உறையாது. தாத்தாவிடம் தேனீப் பெட்டிகள் போக, பழைய மரக்கூடுகளும் உண்டு. செஸ்ட்நட் தடியைக் குடைந்து, உள்ளே குறுக்காக இரண்டு குச்சி செருகி, மேலே ஒரு பலகைக்கல். மேலடையை மட்டும் அறுப்பார். கீழே இருப்பது குளிர்காலத்துக்குத் தேனீயின் பங்கு.

கெடுத்தது ஆசியக் குளவி. நம்மூர்க் கதண்டின் சொந்தக்காரன் என்று வை. சீனாவிலிருந்து கப்பலில் வந்ததாம், 2004இல் தென்மேற்கில் லோ எ காரோன் மாவட்டத்துப் பக்கம் முதலில் பார்த்திருக்கிறார்கள். இப்போது நாடு முழுக்க. 2025 மார்ச்சில் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் கூட்டுக்கு முன்னால் குத்தவைத்துப் பார்த்தேன். வாசலுக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு குளவி அந்தரத்தில் அசையாமல் நின்றது. வந்த தேனீயைக் கவ்வி, கிளையில் ஒற்றைக் காலால் தொங்கி, தலை, இறகு, கால் எல்லாம் நறுக்கிப் போட்டுவிட்டு நெஞ்சை மட்டும் உருட்டி எடுத்துப் போயிற்று. அதைவிடக் கொடுமை, மிச்சத் தேனீக்கள் பயந்து வெளியே வருவதையே நிறுத்திவிடும். பூ இருக்க, உள்ளே பட்டினி. நம் பொந்துத் தேனீ என்றால் குளவியைச் சுற்றி மொய்த்துச் சூட்டிலேயே கொன்றுவிடும். இந்த ஊர்த் தேனீக்கு அந்த வித்தை சரியாகக் கைவரவில்லை. தாத்தா வாசலைச் சுருக்கினார், கம்பிவலை கட்டினார். பதினாறு கூட்டில் ஐந்துதான் மிச்சம்.

மக்கா, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் சாக்புரூட் நோய் வந்து மார்த்தாண்டம் பக்கம் பெட்டியெல்லாம் காலியானபோது, உங்கள் முற்றத்தில் அதை வரிசையாக வைத்து நாம் பஸ் விளையாடினோமே. உன் அப்பா நம்மை அடித்தது அந்த ஒரு தடவைதான். ஆனால் அதற்கப்புறம் அதே மனிதர் மறுபடியும் பெட்டி வைத்தார்.

எப்படி வைத்தார்? முதல் கூட்டத்தை எங்கே பிடித்தார், எத்தனை வருஷம் தேன் எடுக்காமல் விட்டார், எல்லாம் அவரை உட்காரவைத்துக் கேள். அவர் சொல்லச் சொல்ல போனில் பதிந்து அனுப்பு. நான் பிரெஞ்சில் தாத்தாவுக்குச் சொல்கிறேன். மார்ச்சில் தாத்தாவின் பெட்டிகளை வாங்க ஆள் வருகிறதாம், அதற்குள் வேண்டும்.

உன் கூட்டுக்காரன்