செயலாளர் ஆண்டறிக்கை: ராஸ் துவக்கோடு ஓர் ஆண்டு

எமது பழைய துவக்குச் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் தொகை சற்றுக் கூடியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் ரொறன்ரோவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. சுடுகளத்தில் இந்த ஆண்டு ஒரு விபத்தும் இல்லை. மற்ற எதையும் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானப்படி இந்த ஆண்டை ராஸ் துவக்குக்கு ஒதுக்கினோம். பிரித்தானிய இராணுவத் துவக்கான லீ என்ஃபீல்டை எம்மில் பலருக்கு ஊரிலேயே தெரியும். பொலிஸ் நிலைய வாசலில் ‘த்ரீ நொட் த்ரீ’யோடு, அதாவது .303 ரவை சுடும் அந்தத் துவக்கோடு, நின்றவர்களைப் பார்த்து வளர்ந்தோம். ராஸ் அப்படியல்ல. அது கனடாவின் சொந்தக் கதை. போயர் யுத்த காலத்தில் லீ என்ஃபீல்ட் கேட்டுக் கிடைக்காத கனடா, சேர் சார்ள்ஸ் ராஸ் என்ற ஸ்கொட்லாந்துச் செல்வந்தரோடு ஒப்பந்தம் செய்து கியூபெக் நகரில் தனக்கென்று ஒரு தொழிற்சாலையை உருவாக்கிக்கொண்டது. ராஸில் போல்ட்டை, அதாவது ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டை, தூக்கித் திருப்பத் தேவையில்லை. நேராக இழுத்து, நேராகத் தள்ளினால் போதும். குறி தவறாத துவக்கு என்ற பெயரும் அதற்கு இருந்தது. இங்கிலாந்தின் பிஸ்லி களத்தில் 1911இலும் 1913இலும் மன்னர் பரிசை வென்ற கனடியர்கள் ராஸால் சுட்டவர்கள்தான்.

அப்படிப்பட்ட துவக்கு 1915 ஏப்ரலில், முதலாம் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்பர் முனையில் ஜேர்மனியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட நாட்களில், கனடியப் படையினரின் கையில் இறுகிப் போனது. சுட்ட கோது, அதாவது ரவையின் பித்தளைக் கூடு, வெளியே வரவில்லை. போல்ட்டைச் சப்பாத்துக் காலால் உதைத்துத் திறந்திருக்கிறார்கள். உயிர் தப்பியவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ராஸை எறிந்துவிட்டு, விழுந்து கிடந்த பிரித்தானியரின் லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள்.

சேறுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான். சுட்ட கோதுகளை மீண்டும் நிரப்பும் எமது ரீலோடிங் மேசையில் இந்த ஆண்டு நாம் கண்டது மற்றப் பாதி. இரண்டும் .303தான். ஆனால் ரவை அமரும் அறை லீ என்ஃபீல்டில் தாராளமாகக் குடையப்பட்டது. ராஸின் அறை இறுக்கமானது. போர்க்கால அவசரத்தில் பிரித்தானியத் தொழிற்சாலைகள் செய்த ரவைகள் அளவில் கூடக்குறைய இருந்தன. லீ என்ஃபீல்ட் அதையெல்லாம் விழுங்கிக்கொண்டது, ராஸ் விழுங்கவில்லை. போதாததற்கு, போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது அதை நிறுத்தும் தடுப்பு மிகச் சிறியது. அது போல்ட் தலையின் பூட்டும் பல்லில் அடித்து அடித்துப் பல்லையே நசித்துவிடும். நசிந்த பல் அடுத்த முறை பூட்டுவதையும் திறப்பதையும் இன்னும் கடினமாக்கும். பிறகு பல துவக்குகளின் அறையைப் பெருப்பித்துக் கொடுத்தார்கள். அதற்குள் படையினரின் நம்பிக்கை போய்விட்டது. இராணுவ அமைச்சர் சாம் ஹியூஸ் கடைசிவரை ராஸைத் தாங்கிப் பிடித்தார். படைத்தளபதி ஆல்டர்சன் அதைக் குறை சொன்னார், பதவியையும் இழந்தார். 1916இல் கனடியப் படை முழுதும் லீ என்ஃபீல்டுக்கு மாறியது.

எம் உறுப்பினர்களிடம் இருக்கும் ராஸ்களில் சில அறை பெருப்பிக்கப்பட்டவை, சில அப்படியே இருப்பவை. ஒரு மழைநாளில் இரண்டு வகையிலும் லீ என்ஃபீல்டிலும் சுட்ட கோதுகளை மேசையில் வரிசையாக நிறுத்தினோம். புதிய பிள்ளைகள் கலிப்பரைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாக அளந்தார்கள். தொடாத ராஸிலிருந்து வந்த கோது கிட்டத்தட்டப் புதியது போலவே இருந்தது. லீ என்ஃபீல்டின் கோதோ அடிப்பக்கம் உப்பி, கழுத்துக்குக் கீழே சரியும் தோள் முன்னுக்குத் தள்ளிப் போயிருந்தது. அதை அப்படியே தொடாத ராஸுக்குள் வைத்துப் பார்த்தோம், பாதியில் நின்றுவிட்டது. ஈப்பரில் நடந்தது புதிய ரவையால்தான், உண்மை. ஆனாலும் ஒரு மயிரளவு வித்தியாசத்தில் போல்ட் எப்படி மூடாமல் நிற்கும் என்பதை அந்தப் பிள்ளைகள் தங்கள் விரலாலேயே உணர்ந்தார்கள். சங்கம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் அந்த மேசையைத்தான் காட்டுவேன்.

இதிலிருந்து நிர்வாக சபை ஒரு விதியை முன்மொழிகிறது. கோதுகளைத் துவக்குக்குத் துவக்கு பிரித்து, பெயரெழுதிய பெட்டியில் வைக்க வேண்டும். .303 விளிம்புள்ள கோது; விளிம்பில்தான் அறைக்குள் அமர்கிறது, தோளில் அல்ல. ஒவ்வொரு முறையும் முழுக்கோதையும் டை என்ற அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால், அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்துகொண்டே போகும், ஒருநாள் துண்டாகும். கழுத்தை மட்டும் அழுத்தினால் கோது நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அது அந்த ஒரு துவக்குக்கு மட்டும்தான் பொருந்தும். நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கோதுக்குள் விட்டு உட்சுவரைத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால், வெளியே பளபளப்பான வளையம் தெரிந்தால், அந்தக் கோதைக் குறட்டால் நசித்து எறிந்துவிடுங்கள். வெடிமருந்தின் அளவை அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். நண்பர் சொன்னார் என்பது அளவாகாது. ஒருவர் நிரப்பியதை இன்னொருவர் சுட வேண்டாம். நிரப்புவது சொந்தப் பாவனைக்கு மட்டுமே. உரிமம் இல்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் கிடைப்பது கடினம், விலையும் ஏறிவிட்டது, எல்லோருக்கும் தெரியும். அதற்காக அவசரப்பட்டு இனம் தெரியாத பழைய சரக்கை வாங்காதீர்கள்.

பழைய இராணுவ ரவைகளைச் சுடுபவர்களுக்கு இன்னொன்று. அவற்றின் பிரைமர் குழலுக்குள் உப்பை விட்டுச் செல்லும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு போகாது. முதலில் கொதிநீர், அப்புறம் உலர்ந்த துணி, அப்புறம் எண்ணெய். களத்துக்கு வரும்போது சுடுநீர்ப் போத்தலும் புனலும் கொண்டுவரும் வழக்கம் இந்த ஆண்டு நன்றாகப் பரவியிருக்கிறது.

ராஸ் மூன்றாம் வகை வைத்திருப்பவர்கள் கவனிக்க: கழற்றிய போல்ட்டைத் தவறாகப் பூட்டினாலும் அது துவக்குக்குள் போகும், மூடும், சுடவும் செய்யும். பூட்டு மட்டும் விழாது. போல்ட் சுடுபவரின் முகத்துக்கே திரும்பி வரும். பழைய காலத்தில் இதைத் தடுக்க ஓர் ஆணி அறைந்த துவக்குகளும் உண்டு. ஆணி இருந்தாலும் இல்லாவிட்டாலும், களப் பொறுப்பாளர் போல்ட்டைப் பார்த்த பின்னரே எந்த ராஸும் சுடும் வரிசைக்கு வரலாம். இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை, எனக்கும்தான்.

பயணங்களைப் பற்றிச் சுருக்கமாக. மிசிசாகாவின் லேக்வியூவில், லோங் பிராஞ்ச் தொழிற்சாலையின் பரிசோதனைக் கட்டடத்தைப் பார்த்தோம். இரண்டாம் உலகப் போரில் அங்கே 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நான்காம் இலக்க லீ என்ஃபீல்டுகள் செய்யப்பட்டன. வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். இப்போது அது கலை நிகழ்ச்சிகளுக்கான இடம். பக்கத்தில் பழைய சுடுகளத்தின் மரத் தடுப்புச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. எம் வீடுகளிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இப்படி ஓரிடம் இருந்தும் பலர் இதுவரை பார்த்ததில்லை. பார்க்காதவர்கள் குடும்பத்தோடு போய் வாருங்கள்.

பாரி சவுண்டில் பிரான்சிஸ் பெகமகபோவின் சிலைக்கும் போனோம். அவர் வசோக்சிங்கைச் சேர்ந்த, ஒஜிப்வே என்ற பழங்குடியின் முதலாம் உலகப் போர் வீரர். எல்லோரும் எறிந்த ராஸைக் குறிசூட்டாளர்கள் மட்டும் விடவில்லை. அவரும் ராஸால்தான் சுட்டார். இராணுவப் பதக்கமும், அதை மீண்டும் இருமுறை வென்றதற்கான இரண்டு பட்டைகளும் பெற்றவர். திரும்பி வந்தபோது அவருடைய ஓய்வூதியம்கூட பழங்குடியினரைக் கண்காணித்த அரசாங்க அதிகாரியான ‘இந்திய முகவர்’ கையில்தான் இருந்தது. தன் சமூகத்தின் தலைவராகி, உரிமைகளுக்காகக் கடிதம் கடிதமாக எழுதி, 1952இல் காலமானார். சிலை வந்தது 2016இல். அந்தப் பயணத்தில் ரவையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. எம்மில் பலர் போரிலிருந்து வந்தவர்கள். துவக்கைப் பொழுதுபோக்காக எடுப்பது எளிதாக இருந்ததில்லை. பழைய துவக்குகளோடு மட்டும் நிற்பது, மனித உருவ இலக்குகளைப் பாவிக்காதது என்ற எமது இரண்டு முடிவுகளையும் தொடர்ந்து காக்க வேண்டும் என்று இங்கே வலியுறுத்துகிறேன்.

அடுத்த ஆண்டுக்கு ஸ்னைடர் என்ஃபீல்டை எடுக்கலாம் என்பது சபையின் கருத்து. குழலின் வாய்வழியாக நிரப்பிய 1853 வகை என்ஃபீல்டின் பின்பக்கத்தை வெட்டிக் கதவு வைத்த துவக்கு அது. 1857இல் இந்தியாவைக் கலக்கிய அதே என்ஃபீல்ட்தான். 1885இல் மேற்குக் கனடாவின் பட்டோஷில், பழங்குடி-ஐரோப்பியக் கலப்பினரான மெட்டி மக்களை எதிர்த்து நின்ற கனடிய மிலிஷியாவின் கையிலும் ஸ்னைடர் இருந்தது. எதிரே இருந்தவர்கள் ரவை தீர்ந்து கல்லையும் ஆணியையும் போட்டுச் சுட்டார்கள். ஸ்னைடருக்கான கரும்மருந்து வேறு ஒழுங்கு கேட்கும்: புகை, பிசுக்கு, சேமிப்பு விதிகள் எல்லாமே வேறு. எனவே குளிர்காலத்திலேயே ஒரு பயிற்சி வகுப்பை வைத்துவிட விரும்புகிறோம். ஸ்னைடர் வைத்திருப்பவர்களும், ஈயம் வார்க்கத் தெரிந்தவர்களும் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

களத்தைத் தந்த கழகத்தாருக்கும், மழையிலும் கொடி பிடித்து நின்ற களப் பொறுப்பாளர்களுக்கும், ஒவ்வொரு சந்திப்புக்கும் தேநீரோடு வந்த குடும்பத்தினருக்கும் சபையின் நன்றி. கோதுப் பெட்டி விதியையும், போல்ட் பரிசோதனை விதியையும் தனித்தனியே வாக்குக்கு விடுமாறும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்