சண்முகத்துக்கு, மெஷின் ஓட ஆரம்பித்த செய்தி

லங்காஸ்டர், பென்சில்வேனியா

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் கலா அன்றைக்கே போன் போட்டுப் பேசிவிட்டாள். நான் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். காரணம் எங்கள் கராஜில் நிற்கிறது: குவில்ட் என்ற துண்டுத்துணிப் போர்வையைத் தானாகத் தைக்க நானே செய்த மெஷின். நேற்று ராத்திரி அது முதல்முறையாக நடுவில் நிற்காமல் ஒரு முழு வரிசை தைத்து முடித்தது. அந்தச் சந்தோஷத்தை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் முக்கியமான யோசனை பாலிடெக்னிக்கில் உன்னோடு சேர்ந்து கடைசல் லேத்தில் நின்ற நாட்களிலிருந்து வந்தது.

என் அம்மாயி பழைய நூல் புடவைகளை அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டு ஒரு போர்வை கொடுத்துவிட்டிருந்தாளே, ஹாஸ்டலில் மார்கழிக் குளிருக்கு நீ பறித்துப் போர்த்திக்கொள்வாயே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே குவில்ட் என்பது அதற்கு உறவுக்காரன்தான். மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றும் ஒன்றோடொன்று நகராமல் இருக்கப் பரப்பு முழுவதும் தையல் ஓட வேண்டும். எங்கள் மாவட்டத்து ஆமிஷ் பெண்கள் இதைக் கையால் தைப்பதில் பேர் போனவர்கள். கலாவும் இங்கே ஒரு தேவாலயக் குழுவில் சேர்ந்து கற்றுக்கொண்டாள். ஆனால் போன வருஷம் மணிக்கட்டு வலி வந்துவிட்டது. ஆறு மேல்துணிகளைச் சேர்த்து முடித்து, குவில்ட் ஆக்க முடியாமல் பீரோவில் மடித்து வைத்திருந்தாள். அவள் அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரோடு வரும் புது மெஷின்கள் எளிதாக 20,000 டாலரைத் தாண்டுகின்றன. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

மெஷின் பழையதாக வாங்கிய நேர்த்தையல் மெஷின். ஊசிக்கும் தூணுக்கும் நடுவே 9 அங்குல இடைவெளி. சாதாரணத் தையலில் மெஷின் நிற்கும், துணி நகரும். இங்கே துணி 3 மீட்டர் சட்டத்தில் உருளைகளில் சுற்றி நிற்கும், மெஷின் இரண்டு அடுக்குத் தள்ளுவண்டியில் நகரும். துணியைத் தள்ளும் பல்லைக் கழற்றிவிட்டேன். இரண்டு திசைக்கும், ஒவ்வொரு மின் துடிப்புக்கும் (பல்ஸ்) ஒரு ஸ்டெப் மட்டும் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார், பல் வைத்த டைமிங் பெல்ட். மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 1600 ஸ்டெப், புல்லியில் 20 பல், பல்லுக்குப் பல் 5 மில்லிமீட்டர். ஆக ஒரு சுற்றுக்கு 100 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டருக்கு 16 ஸ்டெப். நீ மைக்ரானில் வேலை பார்க்கிறவன், உனக்கு இது ரொம்பக் கொச்சையாகத் தெரியும். பஞ்சும் துணியும் கால் மில்லிமீட்டரைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, இது தாராளம்.

இயக்குவதற்கு லினக்ஸ்சிஎன்சி, கம்ப்யூட்டரால் இயந்திரங்களை ஓட்டும் இலவச மென்பொருள். இந்த நாட்டு அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 1990களில் செய்த கன்ட்ரோலரிலிருந்து வளர்ந்தது. அரசு வேலை என்பதால் பொதுச் சொத்தாக வெளிவந்தது, அப்புறம் ஆர்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள். பேரலல் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. ஸ்டெப் பல்ஸை அந்தக் கம்ப்யூட்டரே நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்றால் முதலில் அதன் தாமதத்தை, அதாவது சரியான நேரத்திலிருந்து அது எவ்வளவு பிந்துகிறது என்பதை, அளக்க வேண்டும். 20 மைக்ரோ செகண்டுக்குள் இருந்தால் மிக நல்லது, 100-ஐத் தாண்டினால் அந்தப் பெட்டி இந்த வேலைக்கு ஆகாது. என்னுடையது 14-இல் நின்றது.

இனிமேல்தான் விஷயம். மரமோ உலோகமோ குடையும் ரூட்டரோ மில்லிங்கோ, கட்டர் மாட்டிய ஸ்பிண்டில் ஒரே வேகத்தில் சுற்றும், நகர்த்தும் அச்சுகள் தங்கள் இஷ்டப்படி வேகமாகவோ மெதுவாகவோ போகும். மூலையில் வேகம் குறைந்தால் கட்டருக்கு ஒன்றும் இல்லை. தையலில் அப்படி விட்டால் நேர்க்கோட்டில் 4 மில்லிமீட்டர் தையலும், வளைவில் ஒரே இடத்தில் பத்துக் குத்தும் விழும். முதல் நாள் எனக்கு வந்தது அதுதான். வளைவுக்கு வளைவு நூல் உருண்டையாகக் குவிந்திருந்தது.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கும்போது பாலிடெக்னிக் லேத் ஞாபகம் வந்தது. மரை வெட்டும்போது என்ன செய்வோம்? வேலைத்துண்டைச் சுற்றும் ஸ்பிண்டில்தான் எஜமான். சேஞ்ச் கியர் மாட்டி, டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவை அதோடு கட்டிப்போடுவோம். ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றினால் டூல் ஒரு பிட்ச், அதாவது ஒரு மரை இடைவெளி, நகர வேண்டும், வேகம் எதுவானாலும் சரி. குவில்ட்டுக்கு வேண்டியது அதே கட்டுதான், தலைகீழாக. நகர்வு எஜமான், ஊசி அதற்குப் பின்னால் வர வேண்டும். வண்டி 2.5 மில்லிமீட்டர் போனால் ஊசி ஒரு சுற்று. வண்டி நின்றால் ஊசியும் நிற்க வேண்டும்.

நல்லவேளை, இந்த மென்பொருளில் உள்ளே கை வைக்க முடியும். உன் விஎம்சி மில்லிங் மெஷினின் கன்ட்ரோலரைப் போல மூடிய பெட்டி அல்ல. எச்ஏஎல் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னத் துண்டு, அதற்கு உள்ளே போகும் முனை, வெளியே வரும் முனை. எந்த முனையை எதோடு இணைப்பது என்று ஒரு கோப்பில் எழுதினால் போதும், பேனலில் ஒயர் இழுப்பது போலத்தான். அதில் 'மோஷன்.கரண்ட்-வெல்' என்று ஒரு முனை. இந்த நொடியில் ஊசி இருக்கும் புள்ளி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று, இரண்டு அச்சையும் சேர்த்து, அதுவே கணக்குப் போட்டுத் தருகிறது. அதை 'ஸ்கேல்' என்ற துண்டுக்குள் விட்டு 0.4-ஆல் பெருக்கினேன். ஒரு மில்லிமீட்டருக்கு 0.4 தையல். வெளியே வருவது நொடிக்கு எத்தனை சுற்று என்ற எண். வண்டி 60 மில்லிமீட்டர் வேகத்தில் போனால் ஊசிக்கு 24 சுற்று, அதாவது நிமிஷத்துக்கு 1440 தையல். அந்த 0.4 தான் என் சேஞ்ச் கியர். ஓர் எண்ணை மாற்றினால் பிட்ச் மாறிவிடும். மெஷின் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ஜி கோடு கோப்புக்குள்ளேயே எம்67 என்ற கட்டளை போட்டுத் தையல் நீளத்தை நடுவழியில் மாற்றவும் வழி செய்துவிட்டேன், தொடக்கத்திலும் முடிவிலும் குட்டித் தையலாகப் போட்டு நூலைப் பூட்ட அது உதவுகிறது. திரையில் வேகத்தைப் பாதியாக்கினால் ஊசியும் பாதியாகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது கலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இதற்கு முன்னால் ஊசியையே மூன்றாவது அச்சாக வைத்து, ஒவ்வொரு வரிக்கும் எத்தனை சுற்று என்று கோப்பிலேயே எழுதிப் பார்த்தேன். அதுவும் ஓடும். ஆனால் தையல் நீளத்தை மாற்ற நினைத்தால் கோப்பு முழுவதையும் மறுபடி தயாரிக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

மோட்டார் சொன்ன பேச்சை உடனே கேட்காது, அது உனக்குத் தெரியும். வண்டி கிளம்பும்போது ஊசி பின்தங்கி முதல் இரண்டு தையல் நீளமாகும், நிற்கும்போது ஊசி அடங்காமல் கூடுதலாகக் குத்தும். கைச்சக்கரத்தில் 60 காடி வெட்டிய தட்டு வைத்து, உண்மையான வேகத்தைப் படித்து, வேண்டிய வேகத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைத் தானாகத் திருத்தும் பிஐடி போட்டேன். அதைவிட அதிகம் கைகொடுத்தது வண்டியின் முடுக்கத்தைக் குறைத்தது. இப்போது முழு வேகத்தை எட்ட 6 மில்லிமீட்டர் ஓடுகிறது. ஊசிக்கு அவகாசம் கிடைக்கிறது.

ஊசி துணிக்குள் இருக்கும்போது வண்டி வேகமாகத் தாவினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காகக் கைச்சக்கரத்தில் ஒரு காந்தமும் சென்சாரும் வைத்து, ஊசி மேலே வந்த பிறகே தாவும்படி எம்66 என்ற கட்டளையை எழுதினேன். ஊசி மேலே வர இரண்டு நொடி காத்திரு என்று அர்த்தம். அப்படியும் மூன்று ஊசி உடைந்தது. விசாரித்தால், இரண்டு நொடி கழிந்தும் சிக்னல் வரவில்லை என்றால் அந்தக் கட்டளை நின்றுவிடுவதில்லை, அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. காத்திருந்து ஏமாந்தது என்பதை 5399 என்ற இடத்தில் மைனஸ் 1 என்று மட்டும் குறித்து வைக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து நிறுத்தும் வரியைச் சேர்த்த பிறகு இன்றுவரை ஓர் ஊசிகூடப் போகவில்லை.

பெரிய சோதனை இதற்குப் பிறகுதான். வட்டம் தைத்தால், ஒவ்வொரு வட்டத்திலும் ஒரே பக்கத்துக் கால்வாசியில் மட்டும் தையல் விட்டுப்போனது. ஒரே பக்கம் என்பதால் மென்பொருளில்தான் தப்பு என்று இரண்டு வாரம் அதைக் குடைந்தேன். கலாவின் குழுவில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மா கராஜுக்கு வந்து பார்த்துவிட்டு, "ஊசியைத் தடிமனாகப் போடுங்கள்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஊசி துணிக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள். அதற்குள் வண்டி 0.8 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், ஊசி அந்த அளவுக்கு இழுபடும். வேகத்தைக் குறைத்தாலும் இது குறையாது, ஏனென்றால் ஊசியும் சேர்ந்து மெதுவாகிறது. தையல் நீளத்தைக் குறைத்தால்தான் குறையும். வண்டி ஒரு குறிப்பிட்ட திசையில் போகும்போது ஊசி வளைந்து, அடியில் சுற்றும் ஹூக்கை விட்டு விலகுகிறது, ஹூக்கின் முனை மேல்நூலைப் பிடிக்காமல் போய்விடுகிறது. 16-ஆம் எண் ஊசி போட்டு, ஹூக்கைக் கொஞ்சம் நெருக்கி வைத்தேன். சரியாகிவிட்டது. அந்தப் பெரியம்மாவுக்கு ஜி கோடு தெரியாது, அறுபது வருஷமாக ஊசி தெரியும். எனக்கு அவர் மேல் அவ்வளவு மரியாதை வந்துவிட்டது.

இப்போது கலாவின் பங்கைச் சொல்கிறேன். குவில்ட்டுக்கு நூலை அறுக்காமல் ஒரே ஓட்டமாகப் போகும் கோடு வேண்டும், கூர்மையான மூலை குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இங்கே அதற்கென்றே டிசைன்கள் விற்கிறார்கள். கலா பார்த்துவிட்டு, "இதற்கு எதுக்குக் காசு? சிக்குக் கோலம் போதாதா?" என்றாள். உட்கார்ந்து வரைந்தோம். புள்ளியை நேர் வரிசையாக வைத்து, எல்லாப் புள்ளியையும் சுற்றிப் போகும் சாதாரணச் சிக்கில் எத்தனை இழை வரும் என்பது, வரிசையும் புள்ளியும் ஆகிய இரண்டு எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி. 5 வரிசை, 7 புள்ளி என்றால் ஒரே இழை. 4-க்கு 6 என்றால் இரண்டு. 5-க்கு 5 போட்டால் ஐந்து தனித்தனி இழை, ஐந்து தடவை நூலை அறுக்க வேண்டும். அதனால் 5-க்கு 7 எடுத்துக்கொண்டோம். புள்ளிக்குப் புள்ளி 3 சென்டிமீட்டர். கோடு சுமார் 3 மீட்டர், தையல் ஏறக்குறைய 1200, ஒரு நிமிஷத்துக்குச் சற்றே கூடுதல்.

நமக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கோலம் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. வழியில் எங்காவது ஸ்டெப் தவறியிருந்தால் முனை சேராது, கண்ணாலேயே தெரிந்துவிடும். நேற்று ராத்திரி வரிசையில் பன்னிரண்டு கோலம். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பன்னிரண்டும் சேர்ந்திருந்தன. கலா வாசலில் கோலம் போட்டு இருபது வருஷம் ஆகிறது, இங்கே பாதி வருஷம் பனி. அவள் துணியை விரலால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

உன்னால் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும். அந்த 60 காடித் தட்டை நான் பிளாஸ்டிக்கில் செய்தேன், லேசாகக் கோணுகிறது, மெதுவாக ஓடும்போது பிஐடி அலைகிறது. 80 மில்லிமீட்டர் விட்டம், ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியம், 2 மில்லிமீட்டர் காடி. படம் இதோடு வைத்திருக்கிறேன். உன் விஎம்சியில் ஜாப் எதுவும் இல்லாத நேரத்தில் போட்டால் போதும், அவசரம் இல்லை. மார்ச்சில் ஊருக்கு வரும்போது நானே வாங்கிக்கொள்கிறேன்.

முதல் குவில்ட் உன் அம்மாவுக்கு என்று கலா சொல்லிவிட்டாள். கோயம்புத்தூர் குளிருக்குத் தகுந்த மாதிரி மெல்லிய பஞ்சாக வைக்கிறோம். அம்மாவுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறதல்லவா, அவர் கையாலேயே ஒரு கோலம் போடச் சொல்லி போட்டோ எடுத்து அனுப்பு. புள்ளி எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், இழை மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வராஜ்